மடிப்பில் இருக்கும் வினை

சோதனைக் குழாயில் இருந்தது, வெள்ளெலியின் மூளையை அரைத்து எடுத்த சாறு. நோயில்லாத விலங்கின் மூளை என்பதால் இயல்பான பிரையான் புரதம் அதில் நிறைய இருந்தது. நோய் கண்டு இறந்த இன்னொரு வெள்ளெலியின் மூளையிலிருந்து, உருத்திரிந்த பிரையானை அதில் துளியளவு சேர்த்தார்கள். பாலில் உறைமோர் விட்டதுபோல வேலை தொடங்கியது. உருத்திரிந்த புரதம் தன்னை ஒட்டியிருந்த நல்ல புரதத்தையும் தன் உருவத்துக்கு மாற்றிக்கொண்டே போனது. இது எதிர்பார்த்ததுதான். புரதம் மட்டுமே நோயைப் பரப்ப முடியும் என்று சொன்ன ஸ்டான்லி புரூசினருக்கு 1997-லேயே நோபல் பரிசு கிடைத்துவிட்டது.

அடுத்து நடந்ததுதான் புதிது. அமெரிக்காவின் டார்ட்மத் மருத்துவக் கல்லூரியில் சுராச்சை சுபட்டபோன் குழுவினர், ஆர்.என்.ஏ.வை மட்டும் சிதைக்கும் நொதியை அந்தச் சாற்றில் விட்டார்கள். புரதத்தின் உருமாற்றம் நின்றுபோனது. பாலூட்டிகளின் ஆர்.என்.ஏ.வைத் திரும்பச் சேர்த்ததும் மறுபடி தொடங்கியது. முதுகெலும்பில்லாத உயிரினங்களின் ஆர்.என்.ஏ.வைச் சேர்த்தபோது பலன் இல்லை. புரதத்தில் யாரும் கைவைக்கவில்லை. அதன் பக்கத்தில் இருந்த ஆர்.என்.ஏ.வை எடுத்ததற்கும் வைத்ததற்கும் ஏற்ப அது நடந்துகொண்டது. 2003-ல் ‘நேச்சர்’ இதழில் இந்த முடிவுகள் வெளிவந்தன.

அல்சைமர், பார்க்கின்சன், ஏ.எல்.எஸ்., ஹன்டிங்டன் ஆகிய எல்லா நோய்களிலும் இறந்தவரின் மூளையை வெட்டிப் பார்த்தால் தெரிவது புரதத் திரள்தான். நூறாண்டுக்கும் மேலாக நுண்ணோக்கி காட்டியது அதைத்தான் என்பதால், விசாரணையும் புரதத்தோடு நின்றுகொண்டது. அந்தத் திரளுக்குள்ளும் அதைச் சுற்றியும் ஆர்.என்.ஏ. இருக்கிறது. அது எப்படி மடிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, புரதம் கரைந்தே இருக்கலாம், கட்டியும் தட்டலாம். கடந்த இருபது ஆண்டுகளின் ஆய்வுகள் நம்மைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் இடம் இது.

எழுத்துக்கு மேல் ஓர் உருவம்

பள்ளிப் பாடத்தில் ஆர்.என்.ஏ. ஒரு நகல். டி.என்.ஏ.வில் உள்ள குறிப்பை ஏ, யு, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில் படியெடுத்து ரைபோசோமிடம் கொண்டுபோய்க் கொடுக்கும். ரைபோசோம் அதைப் படித்துப் புரதம் செய்யும். இது சரிதான். ஆனால் ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வைப்போல இரட்டை இழையாகக் கட்டுண்டு கிடப்பதில்லை. ஒற்றை இழை என்பதால் தன் மேலேயே மடங்குகிறது. ஜி-யும் சி-யும் சேரும், ஏ-யும் யு-வும் சேரும். இழையின் ஒரு பகுதி சற்றுத் தள்ளி இருக்கும் தன் இணையைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ள, நடுப்பகுதி வளையமாகப் புடைத்து நிற்கும். இதற்குக் கொண்டை ஊசி மடிப்பு என்று பெயர்.

இன்னொரு மடிப்பு, ஜி எழுத்துகள் கூட்டமாக இருக்கும் இடங்களில் உண்டாவது. நான்கு ஜி-க்கள் ஒரே தளத்தில் சதுரமாகக் கைகோத்து ஒரு தட்டு ஆகின்றன. அப்படிப்பட்ட தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட, நடுவே பொட்டாசியம் அயனி அமர்ந்து அவற்றை இறுக்கிப் பிடிக்கிறது. இது ஜி-நால்வரி. ஜி என்ற எழுத்து குறிக்கும் குவானைன் இப்படி நான்கு நான்காகச் சேரும் என்பதை மார்ட்டின் கெல்லர்ட்டும் சக ஆய்வாளர்களும் 1962-லேயே காட்டிவிட்டார்கள். செல்லுக்குள் பொட்டாசியத்துக்குப் பஞ்சமே இல்லை. எனவே இந்த அடுக்கு ஒருமுறை உருவாகிவிட்டால் எளிதில் பிரியாது.

மடிந்த ஆர்.என்.ஏ. எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு ரைபோசோமே சாட்சி. அமினோ அமிலங்களைக் கோக்கும் அதன் மையப் பகுதி ஆர்.என்.ஏ.வால் ஆனது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவருக்கும் 2009-ன் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது இந்த ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாக வரைந்து காட்டியதற்காகத்தான்.

ஒரு கொண்டை ஊசி தளர்ந்தால்

ஆர்.என்.ஏ.வின் மடிப்பு மட்டும் கெட்டாலே நோய் வருமா? வரும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று டௌ என்னும் புரதத்தில் கிடைக்கிறது. அல்சைமர் நோயில் நரம்பு செல்லுக்குள் சிக்கலாக முறுக்கிக் கிடப்பது இந்த டௌதான்.

டௌ மரபணுவின் நகல் வெட்டி ஒட்டப்படும்போது, எக்ஸான் 10 என்ற துண்டு சில சமயம் சேர்க்கப்படும், சில சமயம் விடப்படும். சேர்ந்தால் நான்கு பிடிமானங்கள் கொண்ட டௌ. விட்டால் மூன்று பிடிமானங்கள் கொண்ட டௌ. நலமாக உள்ள மனிதர்களின் மூளையில் இரண்டும் ஏறக்குறையச் சரிபாதி. இந்தக் கணக்கைக் காப்பது, எக்ஸான் 10 முடியும் எல்லையில் ஆர்.என்.ஏ. போடும் ஒரு சிறிய கொண்டை ஊசி மடிப்பு. வெட்டும் இயந்திரம் வந்து அமர வேண்டிய இடத்தை அந்த மடிப்பு பாதி மறைத்து வைத்திருக்கிறது.

1998-ல் மைக் ஹட்டனும் அவரோடு உழைத்த பன்னாட்டுக் குழுவும், பரம்பரையாக முன்மூளைத் தேய்வு நோய் தாக்கிய சில குடும்பங்களில் இந்த எல்லையில் ஒற்றை எழுத்து மாறியிருப்பதைக் கண்டார்கள். அந்த எழுத்துகள் புரதத்துக்கான குறிப்பில் இல்லவே இல்லை. எக்ஸானுக்கு வெளியே, வெட்டி எறியப்படும் பகுதியில் இருந்தன. ஆகவே உருவாகும் டௌவின் அமினோ அமில வரிசையில் ஒரு பிழையும் கிடையாது. எழுத்து மாறியதால் கொண்டை ஊசி தளர்ந்தது. வெட்டும் இடம் திறந்துகொண்டது. எக்ஸான் 10 அளவுக்கு மீறிச் சேர்க்கப்பட்டது. நான்கு பிடிமான டௌ பெருகித் திரண்டது. பிழையற்ற புரதம், பிசகிய விகிதம். அந்தக் குடும்பங்களில் நடுவயதிலேயே பலர் குணம் மாறி, பேச்சு குன்றி, உடல் விறைத்து இறந்துபோனதற்குக் காரணம் ஓர் ஆர்.என்.ஏ. மடிப்பின் தளர்ச்சி.

ஆறு எழுத்து, ஆயிரம் முறை

ஏ.எல்.எஸ். நோயில் தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. கை சோர்கிறது, நாக்கு குழறுகிறது, கடைசியில் மூச்சுவிடும் தசையும் ஓய்கிறது. முன்மூளைத் தேய்விலோ உடல் ஓடியாடும், மனிதர் மாறிப்போவார். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு இதுவும் அவர் உடன்பிறந்தவருக்கு அதுவும் வருவதை மருத்துவர்கள் நெடுங்காலம் கண்டு வியந்தார்கள். 2006-ல் இரண்டு நோய்களுக்கும் பொதுவான காரணம் 9-வது குரோமோசோமின் குறுங்கையில் இருப்பதாகத் துப்பு கிடைத்தது. ஆனால் அந்தப் பகுதியை வரிவரியாகப் படித்தும் பிழை அகப்படவில்லை.

அகப்படாததற்குக் காரணம் இருந்தது. பிழை எழுத்து மாற்றமாக இல்லை. திரும்பத் திரும்ப வரும் எழுத்துக் கோவையாக இருந்தது. ஜி.ஜி.ஜி.ஜி.சி.சி. என்ற ஆறெழுத்துத் துண்டு பெரும்பாலோருக்குச் சில முறைகள்தான் வரும். நோயாளிகளுக்கு நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் அடுத்தடுத்து வருகிறது. இவ்வளவு ஜி-யும் சி-யும் நிறைந்த பகுதியைப் படியெடுக்க வழக்கமான பி.சி.ஆர். முறை திணறும். திரும்பல்களைப் பிடிப்பதற்கென்றே அமைந்த முறையைக் கொண்டு, 2011-ல் மாயோ கிளினிக்கில் ரோசா ராடமேக்கர்ஸ் குழுவும், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பிரையன் டிரேனர் குழுவும் ஒரே சமயத்தில் அதைப் பிடித்தார்கள். மரபணுவின் பெயர் சி9ஆர்ஃப்72. ஃபின்லாந்தில் குடும்பவழி ஏ.எல்.எஸ். நோயாளிகளில் 46 சதவீதத்தினரிடம் இந்த நீட்சி இருந்தது.

ஜி நான்கு நான்காக வரும் கோவை என்றால் ஆர்.என்.ஏ. எப்படி மடியும் என்பதை ஊகிக்கலாம். இந்த நகல்கள் ஜி-நால்வரிகளாகவும் கொண்டை ஊசிகளாகவும் மடிவது அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே உறுதியானது. மடிந்த நகல்கள் உட்கருவுக்குள் புள்ளி புள்ளியாகத் தேங்கி, அங்கே வேலை செய்யும் புரதங்களைத் தம்மிடம் இழுத்து வைத்துக்கொள்கின்றன.

கேடு அதோடு நிற்கவில்லை. ரைபோசோம் எந்த நகலையும் ஏ.யு.ஜி. என்ற தொடக்கக் குறியிலிருந்துதான் படிக்கத் தொடங்கும் என்பது பாடநூல் விதி. 2011-ல் லாரா ராணம் குழுவினர், நீண்ட திரும்பல்கள் உள்ள ஆர்.என்.ஏ.வில் தொடக்கக் குறி இல்லாமலேயே ரைபோசோம் புரதம் செய்யத் தொடங்கிவிடுவதைக் காட்டினார்கள். கொண்டை ஊசி மடிப்புகள் இதற்குத் துணைபோகின்றன. எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால், ஒரே நகலை மூன்று விதமாகப் படிக்கலாம். எதிரிழையின் நகலையும் சேர்த்தால் ஆறு விதம். அவற்றில் இரண்டு ஒரே விளைவைத் தருவதால், இந்த ஆறெழுத்துக் கோவை ஐந்து வகையான ஈரமினோத் திரும்பல் புரதங்களைப் பிறப்பிக்கிறது. உடலுக்கு எந்தத் தேவையும் இல்லாத புரதங்கள் இவை.

இந்த நோயாளிகளின் சிறுமூளையிலும் ஹிப்போகேம்பஸிலும், நட்சத்திர வடிவில் சில படிவுகள் இருப்பதை நோயியல் வல்லுநர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். என்ன புரதம் என்று தெரியாமல் கிடந்த அந்தப் படிவுகளில் இருந்தது இந்த ஈரமினோப் புரதங்களே என்று 2013-ல் ம்யூனிக்கிலும் மாயோ கிளினிக்கிலும் நடந்த ஆய்வுகள் விடை சொல்லின.

ஆர்.என்.ஏ. தானே கட்டி தட்டுமா?

அதுவரை திரள்வது புரதத்தின் குணம் என்றே பேசப்பட்டது. 2017-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் அங்குர் ஜெயினும் ரொனால்ட் வேலும் அந்தப் பேச்சை மாற்றினார்கள். ஹன்டிங்டன் நோயில் நீள்வது சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து. 40-ஐ எட்டினால் நோய் தப்பாது. 36 முதல் 39 வரை இருந்தால் வரலாம். அந்த மூன்றெழுத்தை வெவ்வேறு எண்ணிக்கையில் கோத்து ஆர்.என்.ஏ. இழைகள் செய்தார்கள். புரதம் எதையும் சேர்க்காமல், சுத்தமான கரைசலில் சூடாக்கி ஆறவிட்டார்கள்.

குறைந்த எண்ணிக்கை கொண்ட இழைகள் கரைந்தே இருந்தன. முப்பதைத் தாண்டியவை திரண்டு உருண்டைகளாயின. அதே எழுத்துகளை அதே அளவில் வரிசை குலைத்துக் கோத்த இழைகள் திரளவில்லை. உருண்டையின் ஒரு பகுதியின் ஒளிர்வை லேசரால் அழித்துப் பார்த்தபோது, பக்கத்திலிருந்து புதிய மூலக்கூறுகள் வந்து அந்த இடத்தை நிரப்பவில்லை. உள்ளே எதுவும் நகரவில்லை. நீர்மம் ஜெல்லாக இறுகிவிட்டிருந்தது. ஓர் இழை நீளமாக இருந்தால் ஒரே சமயத்தில் பல இழைகளோடு இணை சேர முடியும், அதனால் வலைப்பின்னல் விழும் என்பது அவர்கள் தந்த விளக்கம். சோதனைக் குழாயில் திரளத் தொடங்கும் எண்ணும், குடும்பங்களில் நோய் தொடங்கும் எண்ணும் இவ்வளவு பக்கத்தில் அமைந்தது இந்தத் துறையையே நிமிர்ந்து உட்கார வைத்தது.

காப்பதும் ஆர்.என்.ஏ.தான்

ஆர்.என்.ஏ.வைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நகர முடியாது. மறுபக்கமும் அதே அளவு வலுவானது.

ஏ.எல்.எஸ். நோயாளிகளில் ஏறத்தாழ 97 சதவீதத்தினரின் நரம்பு செல்களில் திரண்டிருப்பது டி.டி.பி-43 என்ற புரதம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வர்ஜினியா லீ குழுவினர் 2006-ல் அதை அடையாளம் கண்டார்கள். ஃபஸ் என்பது இதைப் போன்ற இன்னொரு புரதம். இரண்டும் ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு உட்கருவில் வாழ்பவை. உட்கருவில் இவை மிக அடர்த்தியாக இருந்தும் அங்கே திரள்வதில்லை. சைட்டோபிளாசத்துக்கு வந்துவிட்டால் திரள்கின்றன. ஏன்?

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் சைமன் ஆல்பர்ட்டி குழுவினர் 2018-ல் இதற்கு விடை தந்தார்கள். உட்கருவில் ஆர்.என்.ஏ. மிகுதி. ஃபஸ் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆர்.என்.ஏ.வைப் பிடித்தபடி ஒன்றிலிருந்து ஒன்று விலகியே இருக்கிறது. உட்கருவுக்குள் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியை ஊசி வழியே செலுத்தியதும், அங்கேயே ஃபஸ் திரண்டது. டார்ட்மத் சோதனையில் நடந்ததற்கு நேர் எதிர்! அங்கே ஆர்.என்.ஏ.வை எடுத்தபோது உருமாற்றம் நின்றது. இங்கே எடுத்தபோது திரட்சி தொடங்கியது.

முரணை அவிழ்ப்பது மறுபடியும் உருவம்தான். நியட்1 போன்ற நீண்ட, செறிவாக மடிந்த ஆர்.என்.ஏ. புரதங்களை ஓரிடத்தில் கூட்டிச் சேர்க்கிறது, சிறிய ஆர்.என்.ஏ.க்கள் ஏராளமாகச் சூழ்ந்திருந்தால் கூட்டம் கலைந்துவிடுகிறது. 2019-ல் பிட்ஸ்பர்க்கில் கிறிஸ்டோபர் டானெலி குழுவினர் இதையே சிகிச்சை நோக்கில் சோதித்தார்கள். டி.டி.பி-43 விரும்பிப் பற்றும் குறுகிய ஆர்.என்.ஏ. துண்டுகளைச் செய்து செல்லுக்குக் கொடுத்தபோது திரட்சி குறைந்தது, நரம்பு செல்கள் பிழைத்தன.

கால்சியம் பெருகும்போது

ஜி-நால்வரியை நம்பாதவர்களும் இருந்தார்கள். நியாயமான ஐயம்தான். 2016-ல் டேவிட் பார்ட்டெல் ஆய்வகத்தினர், சோதனைக் குழாயில் ஜி-நால்வரியாக மடியும் ஆயிரக்கணக்கான ஆர்.என்.ஏ. பகுதிகள் உயிருள்ள செல்லுக்குள் பெரும்பாலும் பிரிந்தே கிடப்பதைக் காட்டினார்கள். செல்லின் இயந்திரங்கள் அவற்றை விடாமல் அவிழ்த்துக்கொண்டே இருக்கின்றன. அப்படியானால் நோய்க்கு அவற்றைக் காரணம் சொல்வது எப்படி?

நலமாக உள்ள செல்லுக்குப் பொருந்துவது நெருக்கடியில் உள்ள செல்லுக்குப் பொருந்த வேண்டியதில்லை. ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகத்தில் நோரிஃபுமி ஷியோடா குழுவினர் 2024-ல் ‘செல்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, பார்க்கின்சன் நோயில் திரளும் ஆல்ஃபா-சினூக்ளின் புரதத்தைப் பற்றியது. நரம்பு செல் நெருக்கடிக்கு ஆளாகும்போது உள்ளே கால்சியம் பெருகுகிறது. பெருகிய கால்சியம் ஜி-நால்வரி ஆர்.என்.ஏ.க்களை ஒன்றுதிரட்டுகிறது. ஆல்ஃபா-சினூக்ளின் தன் முன்முனையால் அவற்றைப் பற்றிக்கொள்கிறது. அந்தச் சாரத்தின் மேல் அடர்ந்து, இளகிய நிலையிலிருந்து இறுகிய நிலைக்குப் போகிறது. நரம்பிணைப்புகளுக்குத் தேவையான புரதங்களின் நகல்களிலும் ஜி-நால்வரி மடிப்பு உண்டு. அவையும் திரளில் சிக்கிக்கொள்வதால் இணைப்புகள் பழுதாகின்றன.

அதே குழு சிகிச்சைக்கும் ஒரு வழி தேடியது. 5-அமினோலெவுலினிக் அமிலம் உடலுக்குள் போனதும் புரோட்டோபார்ஃபிரின் என்ற பொருளாக மாறி ஜி-நால்வரியில் போய் ஒட்டும். இதை வாய்வழியே கொடுத்த எலிகளில் ஆல்ஃபா-சினூக்ளின் திரட்சி குறைந்தது, நடையும் அசைவும் மேம்பட்டன. இந்த அமிலம் ஜப்பானில் உணவுத் துணைப்பொருளாகவே விற்கப்படுகிறது. ஆனால் காட்டப்பட்டது எலியில்தான். இதை வாங்கிச் சாப்பிட்டால் பார்க்கின்சன் நோய் தீரும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பக் கூடாது.

மருந்து எங்கே நிற்கிறது

ஆர்.என்.ஏ.வை நேரடியாகக் குறிவைக்கும் மருந்துகள் கனவு நிலையைத் தாண்டிவிட்டன. 16 கோடி ரூபாய் ஊசிக்காகத் தமிழ்நாட்டுப் பெற்றோர்கள் ஊரெல்லாம் நிதி திரட்டிய முதுகுத்தண்டுத் தசைநார் நோய்க்கு, ரிஸ்டிப்லாம் என்ற வாய்வழி மருந்து 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்தச் சிறிய மூலக்கூறு ஆர்.என்.ஏ. வெட்டப்படும் இடத்தில் போய் உட்கார்ந்து, வெட்டு சரியாக விழச் செய்கிறது. வாயால் விழுங்கும் ஒரு மருந்தால் ஆர்.என்.ஏ.வின் உருவத்தை அடையாளம் காண முடியும் என்பது இதனால் நிரூபணமாயிற்று. எஸ்.ஓ.டி.1 மரபணுவால் வரும் அரிய வகை ஏ.எல்.எஸ். நோய்க்கு, ஆர்.என்.ஏ.வை அழிக்கும் டோஃபர்சென் 2023-ல் அனுமதி பெற்றது.

சி9ஆர்ஃப்72-க்கு அந்த வெற்றி கிட்டவில்லை. அதன் ஆர்.என்.ஏ.வைக் குறிவைத்த மருந்து முதுகுத்தண்டு நீரில் ஈரமினோப் புரதங்களைக் குறைத்தும் நோயாளிகளின் நிலை தேறவில்லை. சோதனை 2022-ல் கைவிடப்பட்டது. நோய் வெளிப்பட்ட பிறகு கொடுத்தது தாமதமா, எதிரிழையின் நகலை விட்டுவைத்தது தவறா என்ற விவாதம் தொடர்கிறது.

இந்த அத்தியாயத்தில் வந்த கண்டுபிடிப்புகளில் பலவற்றுக்கு அடித்தளம் ஒன்றே: நோயாளிகளின் குடும்பங்கள் கொடுத்த ரத்தமும், இறந்த பிறகு தானமாகக் கிடைத்த மூளையும். அவை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவருடையவை. சி9ஆர்ஃப்72 நீட்சி ஆசியாவில் அரிது. அப்படியானால் இங்கே ஏ.எல்.எஸ். வருகிறவர்களிடம் எந்த ஆர்.என்.ஏ. பிசகியிருக்கிறது என்பதை இங்குள்ளவர்களிடம்தான் தேட வேண்டும். தேடினால் கிடைக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு: சி.ஏ.ஜி. திரும்பலால் வரும் எஸ்.சி.ஏ.1 என்ற தள்ளாட்ட நோய், நெருங்கிய உறவில் மணம் செய்யும் ஒரு தமிழ்ச் சமூகத்தில் மிக அதிகமாக இருப்பதை இங்குள்ள மருத்துவர்கள் 2005-ல் பதிவு செய்தார்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 1995 முதல் மனித மூளைத் திசுக் காப்பகம் இயங்குகிறது. கண் தானத்துக்கும் உறுப்பு தானத்துக்கும் தயங்காமல் கையெழுத்திடும் தமிழ்க் குடும்பங்கள் மூளை தானத்தைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக நடை தள்ளாடுவதோ, நினைவு கெடுவதோ, தசை கரைவதோ ஒரு வீட்டில் இருந்தால், அதைத் தலைவிதி என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரையும் மரபியல் ஆலோசகரையும் பார்க்க வேண்டும்.